தூக்கி விட்ட நான்கு புள்ளிகள்

எங்கள் ஆய்வறிக்கையில் வழிகாட்டி படித்தது ஒரே ஒரு பக்கம். நன்றியுரைப் பக்கம். மற்ற பக்கங்களைச் சீட்டுக்கட்டை விசிறுவதுபோலக் கட்டைவிரலால் விசிறித் தள்ளியவருக்கு அங்கே வந்ததும் விரல் நின்றது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தன் பெயருக்கு முன்னால் ஒரு அம்புக்குறி போட்டு, நான் எழுதியிருந்த 'மதிப்பிற்குரிய' என்பதை அடித்துவிட்டு 'பெருமதிப்பிற்குரிய' என்று எழுதினார். சற்று யோசித்து, அதற்கும் முன்னால் 'அயராது வழிநடத்திய' என்று ஒன்றைச் செருகினார். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது. புகழ்ச்சிக்கு எந்த மொழியாக இருந்தால் என்ன? "இது மட்டும் சரி பண்ணிடும்மா. மத்ததெல்லாம் ஓக்கே" என்றார். மத்ததெல்லாம் என்பது எங்கள் ஆறு மாத உழைப்பு.

புதுச்சேரியில் நான் எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் படித்த காலம் அது. அகண்ட அலைவரிசை இணையம் அப்போதுதான் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. எங்கள் வழிகாட்டி கணினி வலையமைப்புப் பாடம் நடத்தியவர். நடத்தினார் என்பதைவிட வாசித்தார் என்பது பொருந்தும். அவர் கையில் பழுப்பேறிய நோட்டு ஒன்று இருக்கும். அதிலிருந்த கையெழுத்து அவருடையது இல்லை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் சில இடங்களில் அவராலேயே அதைப் படிக்க முடியாது. யாராவது சந்தேகம் கேட்டால் "அது போர்ஷன்ல இல்லம்மா" என்பார். ஆய்வுக்கூடத்தில் இணைப்பு அறுந்துபோனால் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். பிறகு ஆளனுப்பி டெக்னீஷியனைக் கூட்டிவரச் சொல்வார். அவருடைய அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. புத்தகங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் திறந்தபோது பார்த்தேன்: விழாக்களில் போர்த்தப்பட்ட பொன்னாடைகள், மடித்து மடித்து அடுக்கி, நடுநடுவே பாச்சை உருண்டை. அவரை வெறுத்தேன் என்று சொல்லமாட்டேன். வெறுப்பதற்கு எதிராளிக்குக் கொஞ்சம் கனமாவது இருக்கவேண்டும்.

ப்ராஜெக்ட்டை இருவர் சேர்ந்து செய்யவேண்டும். என் கூட்டாளி நெல்லித்தோப்பைச் சேர்ந்தவன். சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுக் குடியுரிமையோடு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்களின் குடும்பத்தைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். நானோ பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். இரண்டு பஸ் மாறி கல்லூரிக்கு வருகிறவள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வோம். அவனுடைய அப்பா கூடத்தில் பிரெஞ்சுச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே நுழையும்போது "சவா?" என்பார். நலமா என்று அர்த்தம். நானும் "சவா அங்கிள்" என்பேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். பிறகு அவர் மகனைப் பார்த்து வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார்: "பட்டாளத்துக்குப் போனா உடம்பும் நல்லா இருக்கும், பென்சனும் வரும். இந்தப் பொட்டி என்னாடா குடுக்கும்?"

கூட்டாளி அப்பா முன்னால் வாய் திறக்கமாட்டான். என்னிடம் ஒருமுறை சொன்னான்: "தாத்தா பட்டாளம், அப்பா பட்டாளம், ரெண்டு சித்தப்பாவும் பட்டாளம். எங்க வீட்ல நான் ஒருத்தனாவது துப்பாக்கி தூக்காம பிரான்சுக்குப் போயிக் காட்டறேன் பாரு." அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பருக்குள் பட்டம் கையில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கடிதத்தை எனக்கும் காட்டினான். நானும் படித்தேன். பிற்பாடு அதைப் படிக்காதவள்போல எத்தனையோ நாள் எனக்கு நானே நடித்திருக்கிறேன். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ப்ராஜெக்ட் யோசனையும் அவனுடையதுதான். கரையிலிருந்து தள்ளிப் போனால் மீனவர்களின் செல்போன் வேலை செய்யாது. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்ன வயர்லெஸ் கருவி இருந்தால், ஒரு படகின் செய்தியைப் பக்கத்துப் படகு வாங்கி, அதற்கடுத்த படகுக்குக் கொடுத்து, கைமாற்றிக் கைமாற்றிக் கரைக்குக் கொண்டுவர முடியுமா? எந்தப் படகிடம் கொடுத்தால் செய்தி தொலையாமல் போய்ச்சேரும் என்று முடிவுசெய்யும் வழிமுறையை நாங்கள் எழுதினோம். நிஜப் படகில் கருவி வைக்க எங்களுக்கு வசதி இல்லை. கணினிக்குள்ளேயே ஒரு கடலையும் படகுகளையும் உண்டாக்கி அதில் ஓட்டிப் பார்த்தோம். ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த முறையைவிட எங்களுடையது அதிகச் செய்திகளைச் சேர்க்கிறதா என்பதுதான் கேள்வி.

அவன் காலையில் வைத்திக்குப்பம் போய்ப் படகிறங்கும் நேரத்தில் விசாரித்துவிட்டு வருவான். படகுக்கும் படகுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவார்கள், வலை விட்டபின் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்றெல்லாம். ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தான். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடல்ல படகு நிக்குமா தம்பி? அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். நீ கம்ப்யூட்டர்ல நிக்க வச்சிட்டியா?" என்றாராம். நாங்கள் நிறுத்தித்தான் வைத்திருந்தோம். அன்றைக்கே உட்கார்ந்து படகுகளை நீரோட்டத்தில் நகரவிட்டோம். ஆறு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வழிகாட்டுதல் அந்தக் கேள்விதான். நன்றியுரைப் பக்கத்தில் அவர் இல்லை.

படகுகள் நகரத் தொடங்கியதும் முடிவு மாறியது. இருபது படகுகள் வரை எங்கள் முறை நன்றாக இருந்தது. அதற்குமேல் போகப்போக, எவ்வளவு செய்தி சேர்ந்தது என்று காட்டும் வரைபடத்தில் எங்கள் கோடு சரிந்தது. ஐம்பது படகுகளில் பழைய முறைக்கும் கீழே போய்விட்டது. நான் சோர்ந்துபோனேன். அவனோ ஒரு வாரம் அதையே நோண்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தான். எங்கள் முறையில் ஒவ்வொரு படகும் பக்கத்துப் படகுகளை 'இருக்கியா, இருக்கியா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். படகுகள் பெருகப் பெருக அந்த விசாரிப்புச் சத்தத்திலேயே உண்மையான செய்தி மூழ்கிப்போகிறது. "தோத்தது முக்கியமில்ல. ஏன் தோத்துதுன்னு தெரிஞ்சுபோச்சு பாரு, அதான் நம்ம ப்ராஜெக்ட்டு" என்றான். அவன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் எனக்குப் புரியவில்லை. மார்க் எங்கிருந்து வரும் என்ற கவலைதான் எனக்கு.

வழிகாட்டியிடம் போனோம். கோட்டைப் பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். கேலிக்காகச் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தலைகீழாக வைத்தால் தேறுமா என்று நிஜமாகவே பார்த்தார்.

"கோடு மேல போவணும்மா" என்றார். "கீழ போனா அது ரிசர்ச் இல்ல."

கூட்டாளி காரணத்தை விளக்கத் தொடங்கினான். அவர் கேட்கவில்லை. "நீ பிரான்சுக்குப் போறவன், உனக்கு மார்க்கு பத்திக் கவலையில்ல. அந்தப் பொண்ண நெனச்சுப் பாருப்பா" என்றார்.

அந்தப் பெண்ணை அவர் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். எனக்கு அந்தக் கல்லூரியிலேயே விரிவுரையாளர் வேலை கிடைக்கும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேலை இல்லையென்றால் ஆனி மாதம் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமன் மகன் கெட்டவன் இல்லை. ஆனால் படித்த பெண் வேலைக்குப் போவது தனக்குக் கௌரவக் குறைச்சல் என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னவன்.

அறிக்கையை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் கூட்டாளி வரவில்லை. சான்றிதழ் வேலையாக பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில், கான்சுலேட்டில், வரிசையில் நிற்கப் போயிருந்தான். வழிகாட்டி என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். கணினியில் எண்கள் இருந்த பட்டியலைத் திறக்கச் சொன்னார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலையில் தின்ற வெங்காய போண்டாவின் வாடை வந்தது.

"கடைசி நாலு புள்ளிய மட்டும் கொஞ்சம் தூக்கி விடும்மா."

"சார், அவன்கிட்ட..."

"அவன் வந்தா நான் சொல்லிக்கறேன். நீ தூக்கு."

தூக்கினேன். நான்கு எண்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரிந்துகொண்டிருந்த கோடு, யாரோ கைகொடுத்து எழுப்பியதுபோல எழுந்து நின்றது. "பாத்தியா, இப்ப லட்சணமா இருக்குது" என்றார். அவர் கைவிரல் விசைப்பலகையைத் தொடவே இல்லை. முட்டாள் என்று ஊரே சொன்ன அந்த மனிதருக்கு, எதைத் தன் கையால் செய்யக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் கூட்டாளி வந்தபோது அவனிடம் நான் சொல்லவில்லை. அறிக்கை அன்றைக்கே பைண்டிங்குக்குப் போனது; திரையில் காட்டவேண்டிய படங்களும் என்னிடம்தான் இருந்தன. வழிகாட்டி சொல்வதாகச் சொன்னாரே என்று இருந்துவிட்டேன். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வாய்மொழித் தேர்வு அதற்கு அடுத்த நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளருக்கு விருந்து பலமாக நடந்திருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். முதல் பாதியை நான் பேசினேன். முடிவுகளைச் சொல்வது கூட்டாளியின் பங்கு. திரையில் அந்தக் கோடு வந்தது. அவன் திரைக்கு அருகில் போய், கடைசி நான்கு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சார், இந்தக் கோடு தப்பு. எங்களுக்கு இப்படி வரல. இருவதுக்கு மேல கீழதான் எறங்கும். ஏன் எறங்குதுன்னு சொல்லட்டுமா?" என்றான்.

தேர்வாளர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவருக்கு அதற்குமேல் ஆர்வம் வரவில்லை. வழிகாட்டி சிரித்தார். "டென்ஷன்ல உளர்றான் சார். ப்ராஜெக்ட் முழுக்க இந்தப் பொண்ணுதான் பண்ணுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, கோடு இதான?"

கூட்டாளியும் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. நான் சொல்லப்போவதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேறென்ன சொல்லப்போகிறாள்?

நான் தலையாட்டினேன். 'ஆமாம் சார்' என்று சொல்லக்கூட இல்லை. மாடு தலையாட்டுவதுபோல ஓர் ஆட்டல்.

"அப்ப தம்பி ரிசல்ட்டையே பாக்காம வந்திருக்காரு" என்றார் தேர்வாளர், ஏதோ பெரிய துப்பைத் துலக்கியவர்போல. அவரும் வழிகாட்டியும் சேர்ந்து சிரித்தார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன். ஏதேதோ சொல்ல வாயெடுத்தேன். "எப்ப மாத்தின?" என்று மட்டும் கேட்டான்.

"முந்தாநேத்து."

மனதுக்குள் கணக்குப் போட்டான். "நான் கான்சுலேட்ல நின்னுக்கிட்டு இருந்தப்ப" என்றான். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அவனுக்குத் தேர்ச்சி இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். செப்டம்பர் அதற்குள் போய்விடும். அவன் திரும்பி வரவே இல்லை. கல்லூரியில் நடந்த ஒரு கருத்தரங்கில் எங்கள் ஆய்வு கட்டுரையாக வந்தபோது முதல் பெயர் வழிகாட்டியுடையது, இரண்டாவது என்னுடையது. மூன்றாவது பெயர் இல்லை. "ஃபெயிலானவன் பேர எப்படிம்மா போடறது?" என்று என்னையே கேட்டார். நியாயஸ்தர்.

நான் விரிவுரையாளர் ஆனேன். மறு வருடம் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கூட்டாளியின் அப்பாவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள நினைப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். "சவா? அவன் சேந்துட்டாம்மா!" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக. "பட்டாளத்துலதான். என் பேச்சக் கடைசியா கேட்டுட்டான்." கையிலிருந்த மீன் பையை உயர்த்தி எனக்கு ஒரு சல்யூட் அடித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். வாழ்த்துச் சொன்னேன். கிளிசரின் போட்ட நடிகைகூட அவ்வளவு சுலபமாக முகத்தை மாற்றியிருக்கமாட்டாள்.

அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த வழிகாட்டியின் கீழேயே வேலை பார்த்தேன். அவர் முனைவரானார், துறைத் தலைவரானார். எத்தனையோ மாணவர்களின் கோடுகள் அவருடைய அறைக்குள் சரிந்து போய் நிமிர்ந்து வெளியே வந்தன. பணி நிறைவு விழாவில் பாராட்டுரை வழங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 'அயராது வழிநடத்திய பெருமதிப்பிற்குரிய' என்று தொடங்கினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் ஏழு பொன்னாடை. எந்தப் பீரோவில் அடுக்கினாரோ.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவர் அல்ல. சில மாதங்களுக்கு முன் கடலூரிலிருந்து ஒரு மாணவி தொலைபேசியில் பேசினாள். கல்லூரி இணையதளத்தில் என் எண்ணை எடுத்திருக்கிறாள். எங்கள் பழைய கட்டுரையை ஒட்டித்தான் அவளுடைய ப்ராஜெக்ட். எங்கள் முறையை முதலில் அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு, அதை மேம்படுத்த வேண்டுமாம்.

"ஒரு மாசமா ஓட்டிப் பாக்கறேன் மேடம். உங்க கோடு மாதிரி வரவே மாட்டேங்குது. இருவது படகுக்கு மேல போனா கீழ வந்துடுது. நான் எங்க தப்பு பண்றேன்?" என்று கேட்டாள். அழுதிருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது.

"நீ தப்பு பண்ணல" என்றேன். "அந்தக் கோடு பொய். நான்தான் தூக்கி விட்டேன்."

மரியாதைக் குறைவாக ஏதாவது சொல்லமாட்டாளா என்று காத்திருந்தேன். அவளோ மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் என்னா மேடம் பண்றது? உங்க கோட்டுக்கு மேல என் கோடு வரணும்ங்கறாரு எங்க சார்."

அவளுடைய வழிகாட்டிக்கு எல்லாவற்றையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார். "பழைய பேப்பர் மேடம் அது. யாரு பாக்கப் போறா? எதுக்கு வம்ப வெலைக்கு வாங்கறீங்க?" என்று எனக்காகக் கவலைப்பட்டார். குரல் புதிது. ஆள் பழைய ஆள்தான். என் கல்லூரி முதல்வருக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். வாரங்கள் ஓடிவிட்டன, இழுப்பறை திறந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண் மறுபடி கூப்பிடவில்லை. எந்தக் கோட்டை வைத்தாள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

கூட்டாளியின் எண்ணை வாங்க நெல்லித்தோப்புக்குப் போனேன். அவனுடைய அம்மா எழுதிக் கொடுத்தார். அவன் இருந்த பிரான்சில் மதியமாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். எடுத்தான். என் குரலை உடனே கண்டுபிடித்தான். மாணவி கேட்டதையும் நான் எழுதிய கடிதங்களையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒப்பித்தேன் என்றே சொல்லலாம். பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி.

"அந்தக் கோடு எனக்கு ஞாபகமே இல்ல" என்றான் கடைசியில். "நீ தல ஆட்டினது ஞாபகம் இருக்குது."

பிறகு, புதுச்சேரியில் மழை உண்டா என்று கேட்டான். இரண்டு நாளாக விடாமல் பெய்கிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.